ரிசீவரை முதுகைப் பார்த்து வாங்கிய கதை

சென்னை ரிச்சி தெருவில் எந்த ஆடியோ கடைப் படியேறினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வாட் சார் பாக்குறீங்க?" இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு 500, 1000 என்று ஏறிக்கொண்டே போகும். நம் டிவியின் பின்னால் என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன, ஹால் எவ்வளவு பெரிசு, பெட்டி மக்கர் பண்ணினால் எங்கே தூக்கிக்கொண்டு போவது என்பதெல்லாம் பில் போட்ட பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். குரோம்பேட்டையில் ஒரு வாடகை ஃபிளாட்டில், 11க்கு 14 அடி ஹாலில், ரிசீவர், ஸ்பீக்கர், சப்வூஃபர், ஒயர் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய்க்குள் 5.1 செட் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) போட்ட அனுபவத்தில் சொல்கிறேன். ரிசீவர் என்பது டிவி, ப்ளேயர் சத்தத்தை வாங்கிப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி. அதை முகப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. திருப்பி வைத்து முதுகைப் பார்த்து வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்த ஆசையைக் கிளப்பியது அம்மாவின் புலம்பல். "சண்டை போடுறது தெருவுக்கே கேக்குது, பேசுறது ஒண்ணும் கேக்கலையேடா" என்பார். குறை அவர் காதில் இல்லை. மெல்லிசு டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்ப்பார்த்து இருக்கும். வசனம் மேஜையில் மோதித்தான் நம்மிடம் வரும். 5.1 கலவையில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கே போகிறது. அதைத் தனியாக ஒரு ஸ்பீக்கரில் கொடுத்து, அதன் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட முடிந்தால் பிரச்சினையில் பாதி தீர்ந்தது.

அது மட்டும்தான் தேவை, பாட்டு, படம், பின்னாலிருந்து வரும் மழைச் சத்தம் எல்லாம் வேண்டாம் என்றால், சப்வூஃபர் தனியாக உள்ள ஒரு சவுண்டு பார் போதும். ஒரே ஒயர், ஒரே ரிமோட். வீடு மாறும்போதும் தொல்லையில்லை. நான் ரிசீவர் பக்கம் போனதற்குக் காரணம், சவுண்டு பாரில் ஒன்று போனால் மொத்தமும் போச்சு. ரிசீவரில் இன்றைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர், அடுத்த தீபாவளிக்கு சப்வூஃபர் என்று கை வசதிப்படி சேர்க்கலாம்.

இன்னொரு வழி நம் ஊருக்கே உரியது: அசெம்பிள்டு ஆம்ப். டோராய்டு டிரான்ஸ்ஃபார்மர், 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடிகள் போட்ட போர்டு, முன்னால் நீல எல்இடி. ஊருக்கு ஊர் இதைக் கட்டித் தருகிற கைகாரர்கள் இருக்கிறார்கள், நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். சத்தத்துக்குப் பஞ்சமே இருக்காது. கெட்டால் தெருமுனைக் கடையிலேயே டிரான்சிஸ்டரை மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஆனால் பெட்டியில் 5.1 என்று எழுதியிருப்பதற்கும் அது 5.1-ஐப் பிரித்துத் தருவதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். பல கிட்டுகள் உள்ளே வரும் ஸ்டீரியோவை எடுத்து ஐந்தாகக் கிளைவிடுகின்றன, அவ்வளவுதான். கண்டுபிடிக்க எளிய வழி: ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் அந்தந்த ஸ்பீக்கரிலேயே சொல்லும் 5.1 சோதனைக் கிளிப்பைப் போடச் சொல்லுங்கள். 'பின் இடது' என்ற குரல் பின்னால் இரண்டு பக்கமும் கேட்டால் அது வெறும் கிளை.

இப்போது டால்பி, டிடிஎஸ் என்ற இரண்டு சினிமா ஒலி வடிவங்களையும் நிஜமாகவே பிரிக்கிற டிகோடர் போர்டுகளும் கிடைக்கின்றன. அதைப் போட்டுக் கட்டினால் இந்தக் குறை தீரும். இருந்தாலும் எனக்கு வேண்டிய ஒன்று அந்த ஆம்புகளில் அகப்படவில்லை: மைக் வைத்து அறையை அளந்து தானே சரிசெய்துகொள்கிற வசதி. எங்கள் ஹாலில் முன் ஸ்பீக்கர் சோபாவிலிருந்து 10 அடி. பின் ஸ்பீக்கர் 3 அடி. சத்தம் ஒரு அடி தாண்ட ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். அப்படியே விட்டால் பின் ஸ்பீக்கர் ஆறேழு மில்லி செகண்ட் முந்திக்கொள்ளும், காது அந்தப் பக்கமே இழுக்கும். ரிசீவர் பின் ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்திச் சமன் செய்துவிடும்.

சரி, வாட் கணக்குக்கு வருவோம். பிஎம்பிஓ (கணநேர உச்ச வாட்) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம், அதற்கென்று ஒரு நிலையான அளவுமுறை கிடையாது. நல்ல கம்பெனி ரிசீவரிலும் ஒரே பெட்டிக்கு இரண்டு மூன்று எண்கள் இருக்கும். 'ஒரு சேனல், 1 கிலோ ஹெர்ட்ஸ்' என்று அளந்த எண் பெரிதாக அட்டைப்பெட்டியில் இருக்கும். 'இரண்டு சேனல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை' என்று அளந்த எண் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒப்பிட வேண்டியது பொடி எழுத்தை. அப்படிப் பார்த்தால் இந்த விலையில் கிடைப்பவை எல்லாம் சேனலுக்கு 70, 80 வாட் என்ற அளவில்தான் நிற்கும்.

அது போதுமா? தாராளமாகப் போதும். சாதாரண புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86, 88 டெசிபெல் தரும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதில் பத்து டெசிபெல் வரை குறையும். 16 வாட் கொடுத்தால் 12 டெசிபெல் ஏறும். அதாவது ஒரே ஸ்பீக்கர் 16 வாட்டிலேயே 90 டெசிபெல்லை நெருங்கிவிடும். அதற்குமேல் போனால் மேல்வீட்டுக்காரர் இறங்கி வருவார். 70 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது ஒன்றரை டெசிபெல், காதுக்கு லேசாகத் தெரியும். அந்த வித்தியாசத்துக்கு ஐயாயிரம் பத்தாயிரம் கூடக் கொடுப்பது எனக்கு வீண் செலவாகவே பட்டது.

இனி முதுகு. நான் கடைக்குப் போகும் முன் டிவியைத் திருப்பி, அதன் எச்டிஎம்ஐ ஓட்டைகளை மொபைலில் படம் எடுத்துக்கொண்டேன். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று பொடியாக எழுதியிருக்கும். அந்த ஓட்டை வழியாகத்தான் டிவியின் சத்தம் திரும்பி ரிசீவருக்கு வரும். வீட்டில் பார்ப்பதெல்லாம் ஓடிடி மட்டும் என்றால் சாதா ஏஆர்சி போதும். நெட்ஃபிளிக்ஸ் 5.1 ஒலியை அதிகபட்சம் 640 கிலோபிட் வேகத்தில் அனுப்புகிறது, தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பி அட்மாஸ் என்றால் 768. இரண்டையும் ஏஆர்சி அலுங்காமல் தூக்கும். ப்ளூரே தட்டில் வரும் சுருக்கத்தில் எதையும் இழக்காத ஒலியை டிவி வழியாக ரிசீவருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால்தான் இஏஆர்சி தேவை. ப்ளேயரை நேராக ரிசீவரில் செருகிவிட்டால் அதுவும் தேவையில்லை.

டிவி பழசு, ஏஆர்சியே இல்லை என்றால் ஆப்டிகல் (ஒளி வழியாகச் சத்தம் அனுப்பும் ஓட்டை) இருக்கிறதா பாருங்கள். ஆப்டிகலில் பழைய டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் போகும். ஓடிடிகள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. பல டிவிகள் பிளஸ்ஸைப் பழைய டால்பியாக மாற்றித் தந்துவிடும். அதனால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை.

பென்டிரைவ், ஹார்டுடிஸ்க்கில் படம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிடிஎஸ் ஒலியை அடியோடு கைவிட்ட டிவி மாடல்கள் உண்டு. அதில் டிடிஎஸ் படத்தைப் போட்டால் படம் ஓடும், சத்தம் வராது. ரிசீவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, ரிசீவருக்கு எதுவும் வந்தே சேரவில்லை. தனியாக ஒரு ப்ளேயர் பெட்டி வாங்கி ரிசீவரிலேயே நேராகச் செருகுவதுதான் வழி. அதற்காகத்தான் ரிசீவரின் முதுகில் எச்டிஎம்ஐ உள்ளீடு எத்தனை என்று எண்ணுவது. எங்களுக்கு செட்டாப் பாக்ஸ் ஒன்று, ப்ளேயர் ஒன்று, பின்னால் வரப்போவதற்கு ஒன்று. நான்கு இருந்தால் நிம்மதி. 4கே படம் போக எச்டிசிபி 2.2 (திருட்டு நகல் தடுப்புப் பூட்டு) என்ற சொல்லும் கையேட்டில் இருக்க வேண்டும்.

முதுகில் பார்க்க வேண்டிய அடுத்த இடம் சப்வூஃபர். அசெம்பிள்டு பழக்கத்தில் இருந்து வருபவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். ரிசீவரில் சப்வூஃபருக்கு என்று இருப்பது ஒரு சின்ன ஆர்சிஏ ஓட்டை மட்டும். அதில் வருவது சிக்னல். ஸ்பீக்கரை அடிக்கிற கரன்ட் அதில் கிடையாது. ஏற்கெனவே வீட்டில் 12 இஞ்ச் போட்ட மரப்பெட்டி இருக்கிறதே, அதை இதில் மாட்டிவிடலாம் என்று நினைத்தால் முடியாது. அதற்குத் தனியாக ஒரு மோனோ ஆம்ப் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் சப்வூஃபர் வாங்க வேண்டும். அதேபோல, பழைய ரெடிமேட் ஹோம் தியேட்டரின் குட்டி ஸ்பீக்கர்களை எடுத்து ரிசீவரில் மாட்டும் முன் பின்னால் ஓம் எவ்வளவு என்று பாருங்கள். 3 ஓம், 4 ஓம் என்று இருந்தால் வேண்டாம். இந்த விலை ரிசீவர்கள் 6 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கரைத்தான் கேட்கும்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் "நான் வரும்போது கொண்டு வரேன் மாப்ள, இங்க பாதி விலை" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே விற்கும் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றைக்கே ஆயுசு முடிந்தது. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான், அதன் விலை, அதன் சூடு, அதற்கு ஓர் இடம், வாரன்ட்டியும் கிடையாது. சிங்கப்பூர், வளைகுடாப் பக்கம் இருந்து வருவதில் வோல்ட்டேஜ் தகராறு இல்லை, வாரன்ட்டி தகராறு மட்டும் அப்படியே நிற்கும். ரிசீவரில் எச்டிஎம்ஐ போர்டு போனால் தெருக்கடையில் பற்ற வைத்துச் சரிசெய்கிற சமாசாரம் இல்லை. அதனால் ஜிஎஸ்டி பில்லோடு, நம் ஊரில் சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனிப் பெட்டியாகப் பார்த்து வாங்கினேன்.

வாங்கியது யமஹா ஆர்எக்ஸ்-வி385. 5.1 சேனல், எச்டிஎம்ஐ நான்கு உள்ளே ஒன்று வெளியே, ஏஆர்சி, ப்ளூடூத், அறையை அளக்கும் மைக். அட்மாஸ் இல்லை, வைஃபை இல்லை. முப்பதாயிரத்தை ஒட்டி முடிந்தது. அட்மாஸ் உள்ளதாகப் பார்க்கச் சொல்லிக் கடைக்காரர் தலைகீழாக நின்றார். கூரையில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார். மேல்நோக்கிச் சத்தம் அனுப்பிக் கூரையில் மோதவிடும் ஸ்பீக்கர் வைக்கலாம் என்றால், நடுவில் சீலிங் ஃபேன் சுற்றுகிறது. சொந்த வீடு, ஃபால்ஸ் சீலிங் போடப்போகிறவர்களுக்கு என் தீர்ப்பு செல்லாது. அவர்கள் ஏழு சேனல் பெட்டியாகவே வாங்கிக்கொள்ளட்டும்.

மிச்சப் பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் போனது. நடு ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் கூடாது. முன்னால் மூன்றும் ஒரே வரிசையில் வந்தவையாக இருந்தால், ஆள் நடந்துகொண்டே பேசும்போது குரல் மாறாது. பின்னால் இரண்டும் எந்தச் சுமாரான ஸ்பீக்கராக இருந்தாலும் பாதகமில்லை. ஒயரில் பளபளப்புக்கு மயங்க வேண்டாம். 'ஸ்பீக்கர் ஒயர்' என்று கண்ணாடி போன்ற உறையில் விற்பதில் செப்பு முலாம் பூசிய அலுமினியம் நிறைய வருகிறது. நுனியில் நாலு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நான் எலக்ட்ரிகல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்றாக வாங்கி முறுக்கிக்கொண்டேன்.

மாட்டும்போது இரண்டு விஷயம். முறுக்கிய இழையில் ஒன்றே ஒன்று வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல் போய்க் குரல் எங்கேயோ மிதக்கும். பின் ஸ்பீக்கர்களை நேர் பின்னால் வைக்க எங்கள் ஹாலில் இடமே இல்லை, சோபா சுவரை ஒட்டி இருந்தது. சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்து, ஸ்பீக்கர்களை இரண்டு பக்கமும் காதுக்குச் சற்றுப் பின்னால், காதைவிட ஒரு அடி உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தினேன். நேர்முன்னிலிருந்து 110 டிகிரி என்பதுதான் சர்வதேசக் கணக்கு. ஏறக்குறைய அந்த இடம்தான்.

அறையை அளக்கும்போது வீடு அமைதியாக இருக்க வேண்டும். ஃபேன், ஏசி, மிக்ஸி எல்லாம் நிறுத்தி, குக்கர் விசில் அடங்கும் வரை காத்திருந்து, மைக்கைச் சோபாவில் காது உயரத்துக்கு அடுக்கிய பெட்டிமேல் வைத்து ஆரம்பித்தேன். 'டிர்ர்' என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கத்தும். முடிந்ததும் முடிவை அப்படியே நம்பிவிடக் கூடாது. முன் ஸ்பீக்கர்களைப் 'பெரியது' என்று பதிவு செய்திருந்தது. அவற்றைச் 'சிறியது' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்குப் போகும்படி வைத்தேன். சப்வூஃபரின் பின்னால் உள்ள ஃபிரீக்வன்சி திருகை அதிகபட்ச எண் வரை திருகிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு இடத்தில் வெட்டு விழும். பிறகு நடு ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபெல் ஏற்றினேன்.

சப்வூஃபரை மூலையில் வைத்தால் கான்கிரீட் சுவர் சேர்ந்துகொண்டு 'பொம் பொம்' என்று இரையும். அதற்கொரு பழைய தந்திரம் உண்டு. சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில், நாம் உட்காரும் இடத்தில் வைத்து பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட வேண்டும். நாம் தரையில் தவழ்ந்து போய் எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு சப்வூஃபரை மாற்ற வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்யும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் கிளப்பிய கணகணப்புக்கு, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு தடித்த ஜமக்காளத்தை விரித்தோம். ரிசீவருக்குள் இருக்கும் எந்தச் செட்டிங்கும் அந்த ஜமக்காளம் செய்ததைச் செய்யவில்லை.

எல்லாம் மாட்டியும் பின் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை என்றால் பதறாதீர்கள். டிவியின் சவுண்டு செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் என்பது பிசிஎம்மில் (டிவியே பிரித்துத் தரும் சாதா ஒலியில்) இருக்கக்கூடும். ஏஆர்சியில் பிசிஎம் என்றால் ஸ்டீரியோ மட்டும்தான் வரும். அதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்றினால் ரிசீவர் முகப்பில் டால்பி பெயர் எரியும். அதோடு பெட்டிகள் எச்டிஎம்ஐ வழியாக ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் சிஇசி வசதியும் டிவி, ரிசீவர் இரண்டிலும் ஆனில் இருக்க வேண்டும். ஒவ்வொரு டிவி கம்பெனியும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கும்: பிராவியா சிங்க், எனிநெட் பிளஸ், சிம்ப்லிங்க். யூடியூபில் பெரும்பாலும் ஸ்டீரியோதான் வரும்; பின்னால் சத்தம் வராதது குற்றமில்லை. பழைய பாட்டு கேட்கும்போது நான் ஐந்து ஸ்பீக்கரையும் எழுப்புவதில்லை, ஸ்டீரியோவிலேயே விட்டுவிடுவேன். ராத்திரிப் படத்துக்கு, பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும் அமைப்பு ஒன்று மெனுவில் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஃபேன் ஐந்தில் சுற்றும்போது பகலிலும் அதுதான் கை கொடுக்கிறது. இல்லையென்றால் கிசுகிசுப்பு வசனம் எல்லாம் ஃபேன் காற்றோடு போய்விடும்.

கரன்ட் விஷயத்தில் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் ரிசீவரை அடைக்காதீர்கள். மேலே கைச்சாண் இடமாவது விட வேண்டும், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் ஏற்றக் கூடாது. விலை குறைந்த இன்வர்ட்டர்களின் கரன்ட் சுத்தமான அலையாக வராது. ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும், டிரான்ஸ்ஃபார்மரும் உறுமும். ரிசீவரை அந்த லைனில் போடாமல் இருப்பது உத்தமம். எப்போதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் இருந்தால் முதலில் கேபிள் அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பல வீட்டில் அதோடு நின்றுவிடும். இடி மின்னலுக்கும் அதே ஒயர்தான் வாசல். ஐப்பசி மழை மூண்டால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் பத்தாது, அந்த ஒயரையும் பிடுங்க வேண்டும். மின்னல் அந்த வழியாக வந்து எச்டிஎம்ஐ போர்டைச் சுட்டுவிட்டுப் போகும்.

புதுசுக்குக் காசு பத்தவில்லை என்றால் பழசு வாங்குவதில் தப்பே இல்லை. அட்மாஸ், 4கே வந்த பிறகு பலரும் பத்து வருடத்துக்கு முந்தைய நல்ல கனமான ரிசீவர்களைத் தள்ளிவிடுகிறார்கள். ஏஆர்சி 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-உடன் அறிமுகமானது, அதற்கு முந்தைய பெட்டி என்றால் ஆப்டிகலில்தான் ஓட்ட வேண்டியிருக்கும், விலை அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். போகும்போது ஒரு சின்ன ஸ்பீக்கரும் ஒரு துண்டு ஒயரும் எடுத்துப் போங்கள். ஆன் செய்ததும் சில நொடியில் உள்ளே ரிலே 'டக்' என்று ஒரு தடவை விழ வேண்டும். திரும்பத் திரும்ப விழுந்தாலோ விழாமலே இருந்தாலோ கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். ஐந்து முனையிலும் அந்த ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டிக் கேளுங்கள், ஒவ்வொரு எச்டிஎம்ஐ ஓட்டையிலும் செருகிப் பாருங்கள், அரைமணி நேரம் ஓடவிட்டு மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். மைக் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் முதல்நாள் அளந்ததோடு அதைத் தொலைத்திருப்பார்கள். வேறு கம்பெனி மைக்கைச் செருகினால் ரிசீவர் ஏற்றுக்கொண்டாலும் அளவு தப்பாகத்தான் வரும். அந்த மாடலுக்கு உரிய மைக் தனியாகக் கிடைக்கும், அதன் காசை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.